முதல் உந்துதல்: 20 மில்லிவோல்ட்டும் பழைய கம்பிச்சுருளும்

2010ஆம் ஆண்டையொட்டி லீனியர் டெக்னாலஜி என்ற அமெரிக்க நிறுவனம் எல்டிசி3108 என்றொரு சிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் தகவல் ஏட்டில் கண்ணைப் பறிக்கும் எண் 20 மில்லிவோல்ட். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் இது எழுபத்தைந்தில் ஒரு பங்கு. அவ்வளவு கிடைத்தால் போதும், வேறு பேட்டரியின் துணையில்லாமல் சுற்று தானாக விழித்துக்கொண்டு 3.3 வோல்ட்டோ 5 வோல்ட்டோ தந்துவிடும். வெந்நீர்க் குழாய்க்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டிலும், உள்ளங்கைச் சூட்டிலும்கூட ஒரு சிறு உணரியை இயக்கலாம் என்று ஆனது. இதைச் சிலிக்கானின் சாதனையாகப் பேசுவது வழக்கம். ஆனால் அந்தச் சிப்புக்குப் பக்கத்தில், ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் சதுரத்தில், இரண்டு கம்பிச்சுருள் கொண்ட ஒரு மின்மாற்றி உட்கார்ந்திருக்கிறது. ஒரு சுருளில் ஒரு சுற்று என்றால் மற்றதில் நூறு. அதைக் கழற்றிவிட்டால் சிப் எழுந்திருக்காது. தாழ்ந்த மின்னழுத்தத்தில் தொடங்க முடியாமை என்பது மின்னியலோடு பிறந்த குறை அன்று. சிலிக்கான் வந்த பிறகு அதன் நற்குணத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த குறை. அதைத் தீர்க்கப் பொறியாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் கருவிப்பெட்டிக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. இதுதான் இங்கே நான் நிறுவ முயல்வது.

சிக்கலை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மின்மாற்றிக்கு எந்தக் குறைந்தபட்ச அழுத்தமும் தேவையில்லை. ஒரு மில்லிவோல்ட் கொடுத்தாலும் நூறு மடங்காக்கும். அதற்கு ஒரே நிபந்தனை, உள்ளே வரும் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பத்திலிருந்தோ சிறு சூரியத் தகட்டிலிருந்தோ வருவது ஒரே திசையில் சீராக ஓடும் மின்னோட்டம். அதை விட்டுவிட்டுத் துண்டித்தால்தான் மின்மாற்றி ஏற்றுக்கொள்ளும். துண்டிக்க ஒரு சுவிட்ச் வேண்டும்; இன்றைய டிரான்சிஸ்டர் சுவிட்சை இயக்க அரை வோல்ட்டுக்கு மேல் வேண்டும்; அந்த அரை வோல்ட்டை உண்டாக்கத்தான் இத்தனை பாடு. அடிபம்பில் தண்ணீர் வர முதலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைப் போன்ற நிலைமை, ஊற்றுவதற்கு அந்த ஒரு சொம்பும் கையில் இல்லை என்பதுதான் கூடுதல் துன்பம்.

இந்தத் துன்பம் பழைய ஆட்களுக்குத் தெரியாது. 1821இல் பெர்லினில் சீபெக் இரண்டு உலோகங்களை வளையமாக இணைத்து, ஒரு சந்தியைச் சூடாக்கி, பக்கத்தில் வைத்த காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். அவர் அதைக் காந்தவியல் நிகழ்வு என்றே நினைத்துக்கொண்டிருந்தார் என்பது வேறு கதை. சில ஆண்டுகளில் ஓம் தன் புகழ்பெற்ற விதிக்கான அளவீடுகளுக்கு, ஏறி இறங்கிக்கொண்டிருந்த வேதி மின்கலங்களை ஒதுக்கிவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தினார். ஒரு சந்தி கொதிநீரில், மற்றது பனிக்கட்டியில். அதிலிருந்து கிடைத்தது வெறும் சில மில்லிவோல்ட். நாம் பள்ளியில் மனப்பாடம் செய்யும் ஓம் விதி, இன்றைய சிப்புகள் கண்டுகொள்ளவே மறுக்கும் அழுத்தத்தில் பிறந்தது. உலோகக் கம்பியும் காந்த ஊசியும் இவ்வளவு அழுத்தம் இருந்தால்தான் அசைவேன் என்று சொல்வதில்லை.

அழுத்தத்தை உயர்த்தும் கலையும் அதே தலைமுறையில் வந்துவிட்டது. 1831இல் ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் மட்டும் மற்றதில் துடிப்பு எழுவதைக் காட்டினார். 1836இல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த பாதிரியார் நிக்கலஸ் கேலன், தடித்த கம்பியில் சில சுற்றுகளும் மெல்லிய கம்பியில் ஏராளமான சுற்றுகளும் கொண்ட தூண்டுச்சுருளைச் செய்தார். தாழ்ந்த அழுத்த மின்கலத்திலிருந்து ஆளைத் தூக்கிப்போடும் அதிர்ச்சி அதில் கிடைத்தது. மின்னோட்டத்தைத் துண்டிக்கும் வேலையை முதலில் கையால் சுழற்றும் அமைப்பு செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் தானே துடிக்கும் சுத்தியல் வந்தது. சுருளின் காந்தம் இரும்புத் துண்டை இழுக்கும், இழுத்தவுடன் தொடுப்பு விடுபடும், காந்தம் போகும், துண்டு திரும்பி வந்து மறுபடியும் தொடும். பழைய மின்மணியில் இருந்ததும் இதே ஏற்பாடுதான். பாரிஸில் கருவி செய்துகொண்டிருந்த ரூம்கோர்ஃப் இதைச் செம்மைப்படுத்தி, 1864இல் மூன்றாம் நெப்போலியன் ஏற்படுத்திய 50,000 பிராங்க் பரிசைப் பெற்றார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: சுத்தியல் சும்மா இருக்கும்போது தொடுப்பு இணைந்திருக்கிறது. மின்கலத்தை மாட்டியதும் மின்னோட்டம் ஓடத் தொடங்கிவிடும். தொடங்குவதற்கென்று தனி ஏற்பாடே தேவையில்லை. ஓய்வில் இணைந்திருக்கும் சுவிட்ச், துடிக்கும்போது மட்டும் விலகும். இந்தக் குணத்தை யாரும் குணமாகக்கூட அப்போது எண்ணியிருக்க மாட்டார்கள்.

நூறாண்டு கழித்தும் இதே ஏற்பாடு வாழ்ந்துகொண்டிருந்தது. 1930களின் கார் வானொலிகளில் இருந்த வெற்றிடக்குழாய் வால்வுகளுக்கு இருநூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும்; காரில் இருந்ததோ 6 வோல்ட் பேட்டரி. நடுவில் ஒரு சிறு தகரக் குப்பிக்குள் அதிரும் நாக்கு ஒன்று நொடிக்கு நூறு தடவைக்கு மேல் மின்னோட்டத்தைத் துண்டித்து மின்மாற்றிக்கு அனுப்பியது. வைப்ரேட்டர் என்றே அதற்குப் பெயர். இதைவிடச் சுவையான வழித்தோன்றல் சோவியத் நாட்டில் இருந்தது. மின்கம்பி எட்டாத கிராமங்களுக்காக 1950களில் டிஜிகே-3 என்ற கருவியைச் செய்து விற்றார்கள். மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிப் புகைபோக்கிக்கு மேலே வெப்ப மின்னிரட்டைகளையும் வெப்பம் சிதறும் தகடுகளையும் மாட்டிய அமைப்பு அது. லெனின்கிராடில் யோஃபேயும் அவருடைய கூட்டாளிகளும் குறைகடத்திகளில் செய்த ஆய்வின் பயன். விளக்கு வெளிச்சமும் தரும், வானொலியையும் பாட வைக்கும். மின்னிரட்டைகளின் ஒரு தொகுதி தந்த 2 வோல்ட்டை வைப்ரேட்டரும் மின்மாற்றியும் வால்வுக்கு வேண்டிய உயர் அழுத்தமாக்கின. வீணாகும் வெப்பத்தை மின்சாரமாக்கி, மின்மாற்றியால் ஏற்றி, ஒரு மின்னணுக் கருவியை பேட்டரி இல்லாமல் நடத்துவது என்ற இன்றைய ஆற்றல் அறுவடையின் முழு இலக்கணமும் அந்த மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தது. அப்படி ஒரு பெயர் மட்டும் அப்போது இல்லை.

வால்வுகளுக்கும் இந்த ஓய்வுநிலைக் குணம் இருந்தது. டிரையோடு வால்வின் கிரிடு என்ற கட்டுப்பாட்டு முனைக்கு ஒன்றும் கொடுக்காவிட்டாலும் அதில் மின்னோட்டம் ஓடும். எதிர் அழுத்தம் கொடுத்தால்தான் நிற்கும். 1913ஐ ஒட்டி ஜெர்மனியில் மைஸ்னரும் அமெரிக்காவில் ஆம்ஸ்ட்ராங்கும் தனித்தனியாக, வால்வின் வெளியீட்டை இன்னொரு சுருள் வழியே அதன் உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டு அலைவை உண்டாக்கினார்கள். உரிமை யாருக்கு என்று ஆம்ஸ்ட்ராங்குக்கும், அதே கண்டுபிடிப்புக்கு உரிமை கோரிய டி ஃபாரஸ்டுக்கும் நடந்த வழக்கு 1934இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டப்படி டி ஃபாரஸ்ட் வென்றார், பொறியாளர்கள் பெரும்பாலோர் ஆம்ஸ்ட்ராங் பக்கமே நின்றார்கள். எப்படியோ, இரண்டு சுருள்களும் ஓய்வில் கடத்தும் ஒரு கருவியும் சேர்ந்தால் சுற்று தானாக அலையத் தொடங்கும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வால்வு ஓய்வில் கடத்தினாலும், அதற்கு இழையைச் சூடேற்ற மின்சாரமும் பத்துக் கணக்கில் வோல்ட்டும் வேண்டும். 20 மில்லிவோல்ட்டில் வால்வு எதையும் செய்யாது. சுற்றமைப்பு அங்கே இருந்தது, அதற்கேற்ற கருவி இல்லை.

1947இன் கடைசியில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. முதல் தலைமுறை ஜெர்மானியத்தில் ஆனது. அதைத் திறக்க 0.2, 0.3 வோல்ட் போதும். மூடியிருக்கும்போதும் கொஞ்சம் கசியும். 1954இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஜார்ஜ் ராயர் இரண்டு டிரான்சிஸ்டர்களையும், காந்தத்தில் தெவிட்டிப்போகும் உட்கருவுள்ள ஒரு மின்மாற்றியையும் சேர்த்துத் தானே மாறிமாறித் துண்டிக்கும் சுற்றை அமைத்தார். வைப்ரேட்டரின் அதிரும் நாக்குக்கு அது ஓய்வு கொடுத்தது. அதே ஆண்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிலிக்கான் டிரான்சிஸ்டரை விற்பனைக்கு விட்டது. சூட்டைத் தாங்கும், கசிவு மிகக் குறைவு, மேலே படியும் ஆக்சைடு அதற்குத் தானாகவே பாதுகாப்பு. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஜெர்மானியம் ஒதுக்கப்பட்டது. சிலிக்கான் திறக்க 0.6 வோல்ட் கேட்கும் என்பதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, பேட்டரியில்தான் 1.5 வோல்ட் இருக்கிறதே. பிறகு வந்த ஒருங்கிணைந்த சுற்றுகளில், சும்மா இருக்கும்போது துளியும் கடத்தாத டிரான்சிஸ்டர்தான் வேண்டும் என்றானது. கோடிக்கணக்கான சுவிட்சுகள் ஒரே சிப்பில் இருக்கும்போது ஒவ்வொன்றும் ஓய்வில் கசிந்தால் சிப் வெந்துவிடும். கணினியைச் சாத்தியமாக்கிய நற்குணம் இது, இதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் தூண்டுச்சுருளின் சுத்தியல் முதல் ஜெர்மானியம் வரை ஓரளவேனும் தொடர்ந்துவந்த ஓய்வில் கடத்தும் குணம் இங்கே முற்றாக அறுந்தது. ஓய்வில் மூடிக்கிடக்கும் சுவிட்சைத் திறக்க வெளியிலிருந்து யாரோ ஒருவர் வர வேண்டும்.

சமையலறைச் சோதனை அளவிலேயே இதைப் பார்க்கலாம். 1999 நவம்பரில் இங்கிலாந்தின் மின்னணுப் பத்திரிகை ஒன்றில் ஒரு எளிய சுற்று வெளிவந்தது. ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான வளையத்தில் இரண்டு சுருள், ஒரு சிலிக்கான் டிரான்சிஸ்டர், ஒரு மின்தடை, ஒரு எல்இடி, அவ்வளவுதான். தீர்ந்துபோனதாகத் தூக்கிப்போடும் பேட்டரியில் மிஞ்சியிருப்பதைக் கறந்து, மூன்று வோல்ட்டுக்கு மேல் கேட்கும் வெள்ளை எல்இடியை எரிய வைக்கும். ஜூல் தீஃப் என்ற செல்லப்பெயரில் உலகமெங்கும் மாணவர்கள் இதைச் செய்து பார்க்கிறார்கள். பேட்டரி 0.6 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் இது தொடங்காது. ஆனால் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் அதைவிடக் குறைந்த அழுத்தத்திலும் எரிந்துகொண்டே இருக்கும். ஓடுவதற்கு ஆகும் அழுத்தம் வேறு, தொடங்குவதற்கு ஆகும் அழுத்தம் வேறு. 2010இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட மாற்றிச் சுற்று 20 மில்லிவோல்ட்டில் ஓடியது, ஆனால் அதைத் தொடங்கி வைக்க 0.6 வோல்ட் தேவைப்பட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள முப்பது மடங்கு இடைவெளி சிலிக்கான் விட்டுச்சென்ற கடன்.

அந்தக் கடனைத் தீர்க்க எடுத்த வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது எம்ஐடியில் நடந்தது. சென்னையில் பிறந்தவரான அனந்த சந்திரகாசனும் அவருடைய மாணவர் யோகேஷ் ராமதாஸும் 2010இல் அறிவித்த சுற்று 35 மில்லிவோல்ட்டில் தொடங்கியது. எப்படித் தெரியுமா? சுற்றுப்புற அதிர்வில் தானே ஆடித் தொட்டு விலகும் ஒரு சிறு இயந்திரச் சுவிட்ச். உடலசைவிலோ எந்திர நடுக்கத்திலோ அது ஒருமுறை தொட்டு விலகினால் ஒரு சுருளில் தேங்கிய ஆற்றல் சட்டென்று உயர் அழுத்தமாகச் சேமிப்புக்குப் போகும். அதன் பிறகு சிலிக்கான் பொறுப்பேற்றுக்கொள்ளும். நானோமீட்டர் கணக்கில் சிப் செய்யும் காலத்தில், உலகின் முன்னணி ஆய்வகம் ஒன்று கடைசியில் உலோகமும் உலோகமும் தொடும் தொடுப்பைத் தேடிப் போனது. உலோகத் தொடுப்பு திறக்க எந்த அழுத்தமும் கேட்பதில்லை என்பதுதான் காரணம்.

எல்டிசி3108 எடுத்தது இரண்டாவது வழி. அதன் தொடக்கச் சுவிட்ச், கேட் என்ற கட்டுப்பாட்டு முனையில் சுழி அழுத்தம் இருக்கும்போதே கடத்தும் தனிவகை மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர். கணினிச் சிப்புகள் கசிவுக்காக ஒதுக்கிய அதே வகை. 20 மில்லிவோல்ட் கொடுத்ததும் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் ஓடத் தொடங்கும். அந்த மாற்றம் துணைச் சுருளில் நூறு மடங்காகி, மாஸ்ஃபெட்டின் கேட்டுக்குத் திரும்பி வந்து அதை மேலும் திறக்கும். துணைச் சுருளும் அதைச் சூழ்ந்த மின்தேக்கமும் ஊஞ்சலாடுவதால் அடுத்த அரை அலைவில் கேட்டுக்கு எதிர் அழுத்தம் வந்து மூடும். இப்படி நொடிக்கு 10,000 முதல் 1,00,000 தடவை வரை. 20 மில்லிவோல்ட்டின் நூறு மடங்கு 2 வோல்ட், ஒத்ததிர்வில் அது இன்னும் கூடும். அதை ஒரே திசை மின்னோட்டமாக்கி ஒரு மின்தேக்கியில் சேர்த்தால் சிப்பின் மற்றப் பகுதிகள் விழிக்கப் போதுமானதாகிவிடும். மைஸ்னர் வரைந்த படத்தில் வால்வை அழித்துவிட்டு இந்த மாஸ்ஃபெட்டை வரைந்தால் ஏறத்தாழ இந்தச் சுற்று கிடைத்துவிடும். இரண்டும் ஓய்வில் கடத்துபவை, இரண்டிலும் இரண்டு சுருள். வால்வு கேட்ட இழைச் சூடும் உயர் அழுத்தமும் மட்டும் போய்விட்டன. இத்தனை கம்பிச் சுற்றுகளை ஆறு மில்லிமீட்டருக்குள் அடக்கியது ஃபெரைட். 1930இல் டோக்கியோவில் கட்டோவும் டக்கேயும் கண்ட பொருள் அது, அதை விற்கவே 1935இல் டிடிகே நிறுவனம் எழுந்தது.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு, மின்மாற்றியில் ஏன் மல்லுக்கட்ட வேண்டும், வெப்ப மின்னிரட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் அழுத்தம் தானாக உயருமே என்பது. உண்மைதான், 1961இல் டிரான்சிட் 4ஏ செயற்கைக்கோளில் போன அணுவெப்ப மின்னாக்கி முதல் எல்லாமே மின்னிரட்டைகளை வரிசையாகக் கோத்துத்தான் வேலை செய்தன. ஆனால் அங்கே வெப்ப வேறுபாடு நூற்றுக்கணக்கான டிகிரி. உடற்சூட்டில் தகட்டுக்குக் குறுக்கே ஒரு டிகிரி கிடைப்பதே பாடு. வழக்கமான பிஸ்மத் டெலுரைடு தகட்டில் 127 மின்னிரட்டைகள் இருக்கும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 50 மில்லிவோல்ட் தரும், சுமை இணைத்ததும் பாதியாகும். 1998இல் சீக்கோ உடற்சூட்டில் ஓடும் தெர்மிக் கைக்கடிகாரத்தைச் செய்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்துண்டுகளை அதற்குள் அடுக்கித்தான் 0.3 வோல்ட்டைத் தொட்டது. துண்டு மெலிய மெலியத் தடை கூடும், இணைப்புகளில் இழப்பு ஏறும், செய்வதும் கடினம். சீக்கோவின் கைத்திறன் வியக்கத்தக்கது, ஆனால் மின்மாற்றிக்குப் பதிலாக அவர்கள் கொடுத்த விலையும் பெரிது.

இரண்டாவது மறுப்பு கனமானது: சுருளே இல்லாமல் சிலிக்கானாலேயே தொடங்க முடியாதா? 2011இல் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு ஒன்று, டிரான்சிஸ்டர்களின் திறப்பு அழுத்தத்தைச் சிப் செய்து முடித்த பிறகு திருத்தி 95 மில்லிவோல்ட்டில் தொடக்கிக் காட்டியது. அழகான வேலை, ஆனாலும் 20க்கும் 95க்கும் நடுவே நிறைய தூரம். இங்கே இயற்பியலே குறுக்கே நிற்கிறது. அறை வெப்பநிலையில் எலெக்ட்ரான்களின் வெப்பத் துள்ளலை அழுத்தமாகச் சொன்னால் அது சுமார் 26 மில்லிவோல்ட். அதன் அண்டையில் இரட்டை மாஸ்ஃபெட் கொண்ட வழக்கமான தர்க்கச் சுற்று திறந்ததா மூடியதா என்ற வேறுபாட்டையே இழக்கிறது. கோட்பாட்டின்படி அதன் கடைசி எல்லை 36 மில்லிவோல்ட், அதற்குக் கீழே அது சமிக்ஞையைப் பெருக்காது. சுருள் உள்ள சுற்றுக்கு அந்த எல்லை பொருந்தாது. பெருக்கத்தில் ஒரு பங்கை டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை தருகிறது. மின்மாற்றி இடத்தை அடைக்கிறது என்ற புகாருக்கும் 2012இல் கொரியாவின் கைஸ்ட் நிறுவனம் ஒரு விடை கொடுத்தது. 40 மில்லிவோல்ட்டில் தொடக்கிவைக்கும் மின்மாற்றியையே, சுற்று விழித்த பிறகு முதன்மை மாற்றிக்கான சுருளாகவும் வேலை வாங்கினார்கள்.

மூன்றாவது மறுப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரே ஒருமுறை தொடங்கத்தானே, சிறு பேட்டரி ஒன்றை வைத்து உதைத்துவிட்டால் என்ன? பேட்டரி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கலையின் நோக்கமே. மேலும் தொடக்கம் ஒருமுறையோடு முடிவதில்லை. குழாய் ஆறும், எந்திரம் நிற்கும், இரவு வரும், சேமிப்பு வடியும். சுவருக்குள்ளோ பாலத்தின் அடியிலோ பல ஆண்டுகள் ஆள் தொடாமல் கிடக்கும் உணரி ஒவ்வொரு முறையும் தானே எழ வேண்டும். அந்தப் பேட்டரி முதுமையடைந்த பின் யார் போய் மாற்றுவது?

மின்மாற்றி வழியின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. எல்டிசி3108 தன் மூலத்துக்கு ஏறக்குறைய 2.5 ஓம் தடையாகத் தெரிகிறது. 20 மில்லிவோல்ட்டில் உள்ளே போவது 8 மில்லியாம்பியர், அதாவது 0.16 மில்லிவாட். அதிலும் பெரும்பங்கு வழியிலேயே கரைந்துவிடுகிறது. எம்ஐடியின் சுற்று 58 விழுக்காடு திறன் காட்டியது, இது அதற்கு எட்டாது. ஆனால் தொடங்கும் கணத்தில் திறனைக் கேட்பது பொருத்தமான கேள்வி ஆகாது, ஓடத் தொடங்கியபின் கேட்க வேண்டியது அது. அதே நிறுவனம் அடுத்துக் கொண்டுவந்த எல்டிசி3109, வெப்பம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் பாய்ந்தாலும், அதாவது அழுத்தம் நேராக வந்தாலும் தலைகீழாக வந்தாலும், 30 மில்லிவோல்ட்டில் விழித்துக்கொள்ளும். அதற்காக அதன் பக்கத்தில் இரண்டு மின்மாற்றிகளை வைக்க வேண்டியிருந்தது.